இலவச டயாலிசிஸ்: மூச்சு முட்டும்வரை காத்திருக்காதீர்கள்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் (சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) இலவசம். விதி இவ்வளவுதான். ஆனால் காப்பீட்டு அட்டை கைக்கு வருவதற்குள் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதுதான் வழக்கமாகிவிட்டது.

‘கிரியேட்டினின் (ரத்தத்தில் தேங்கும் கழிவு) எட்டைத் தாண்டட்டும், பார்க்கலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். டயாலிசிஸ் எப்போது தேவை என்பதை ஒற்றை எண் தீர்மானிப்பதில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (பரிசோதனை அறிக்கையில் eGFR) 15-க்குக் கீழே போன பிறகும் சிலர் மாதக்கணக்கில் மருந்திலேயே சமாளிக்கிறார்கள். ஆனால் மூச்சுத்திணறல், மருந்துக்கு அடங்காத வீக்கம், ஓயாத வாந்தி, மனக்குழப்பம், ரத்தத்தில் பொட்டாசியம் எகிறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றைக்குப் போய் வருமானச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்க முடியாது. ‘சில மாதங்களில் தேவைப்படலாம்’ என்று மருத்துவர் சொன்ன அன்றே காகித வேலையைத் தொடங்குங்கள்.

பெயரில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதாரில் முத்துலட்சுமி, ரேஷன் அட்டையில் லட்சுமி. கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆனாலும் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே கிடக்கும். சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள் என்பார்கள். அவரோ முகாமுக்குப் போயிருப்பார். அது கிடைத்து ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போனால் சர்வர் வேலை செய்யாது. கால் வீங்கி நடக்க முடியாதவரை இப்படி அலைக்கழிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

தனியார் மருத்துவமனை என்றால், டயாலிசிஸுக்கு இந்தக் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். முன்பணம் கட்டிவிட்டால் திரும்பப் பெறுவது குதிரைக்கொம்பு. பொதுவாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் தேவைப்படும். இரண்டு போதும் என்றால், அது மருத்துவரின் முடிவா, இயந்திரம் ஒழியாததாலா என்று நேராகவே கேளுங்கள்.

கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைப்பது) அறுவை சிகிச்சை செய்தால், அது ஊசி போடும் அளவுக்குத் தயாராகக் குறைந்தது ஆறு வாரமாவது ஆகும். தாமதித்தவர்களுக்குக் கழுத்தில் குழாய் போடுவார்கள். அதில் நோய்த்தொற்று அபாயம் அதிகம். ஃபிஸ்டுலாவுக்கு ஒதுக்கிய கையில் ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ விடாதீர்கள். செவிலியர் அவசரத்தில் ஊசியோடு வந்தாலும் மறு கையை நீட்டுங்கள்.