பசுமைப் பிணைமுறி: பணத்துக்குப் பிணை உண்டு, பச்சைக்கு?

'பிணைமுறி' என்ற சொல்லை வன்னியில் பரப்பியது பொருளியல் பாடப்புத்தகம் அன்று. 2015 பெப்ரவரியில் கொழும்பில் நடந்த மத்திய வங்கிப் பிணைமுறி ஏலமும் அதைத் தொடர்ந்த விசாரணைகளும்தான். அதன் பிறகு பல ஆண்டுகள் தமிழ்ப் பத்திரிகைகளில் அந்தச் சொல் 'மோசடி' என்ற வால் இல்லாமல் வந்தது குறைவு. ஆகவே கிளிநொச்சியில் என் உயர்தர வகுப்பில் 'பசுமைப் பிணைமுறி' என்று கரும்பலகையில் எழுதியதும், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் "பச்சை மோசடியா, சேர்?" என்று கேட்டதில் எனக்கு வியப்பில்லை. கேலிதான். ஆனாலும் அந்தக் கேலியோடே சொல்லை விளக்கத் தொடங்கினேன்.

அரசோ, வங்கியோ, கம்பனியோ பொதுவெளியில் கடன் வாங்கும்போது எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் பிணைமுறி. இன்ன நாளில் முதல் திரும்பும், அதுவரை இன்ன வட்டி கிடைக்கும் என்பது அதன் வாக்கு. முன்னால் 'பசுமை' சேர்ந்தால் இன்னொரு வாக்கும் சேர்கிறது: திரட்டிய பணம் காற்றாலை, சூரிய மின்சாரம், ரயில் பாதை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு போன்ற வேலைகளுக்கே போகும். பச்சை நிறம் வேலைக்கு உரியது, கடன் வாங்கியவருக்கு அன்று. இதை விளங்கிக்கொள்ளாமல் போனால் சொல் முழுதும் பிழைத்துவிடும். 2016 டிசெம்பரில் உலகின் முதல் அரசாங்கப் பசுமைப் பிணைமுறியை வெளியிட்டது போலந்து. தன் மின்சாரத்தின் பெரும்பங்கை நிலக்கரியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த நாடு அது.

இனி வேர். ஆங்கிலத்தில் 'பொண்ட்' என்பது கட்டுதல் என்ற பொருளிலிருந்து வந்தது. நம் 'பிணை'யும் அதுவே: கட்டு, தளை, பிறகு ஒருவருக்காக இன்னொருவர் கட்டுப்படுதல். வன்னியில் உழவு இயந்திரத்துக்கோ வீட்டுக்கோ வங்கிக் கடன் கேட்டவர்களுக்கு இதை அகராதி பார்த்துச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பிணையாளர்கள் வேண்டும், அரசாங்கச் சம்பளக்காரர் என்றால் நல்லது. கட்டுப்பணம் தவறினால் கடிதம் அவர்கள் வீட்டுக்கும் போகும். உறவு முறிந்த கதைகள் ஊருக்கு நாலு உண்டு.

'முறி' இன்னும் சுவையானது. துண்டு என்பது ஒரு பொருள், எழுதிக்கொடுத்த ஆவணம் என்பது இன்னொன்று, இளந்தளிர் என்பது மூன்றாவது. 'முறிமேனி முத்தம் முறுவல்' என்று தொடங்கும் 1113ஆம் குறளில் காதலியின் மேனி தளிரைப் போன்றது. ஆக, எவரும் பச்சை பூசுவதற்கு முன்பே 'முறி' பச்சையாகத்தான் இருந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'பசுமைப் பத்திரம்' என்று எழுதுகின்றன. 'பத்திரம்' என்ற வடசொல்லும் இலை என்ற பொருளிலிருந்து ஏட்டுக்கு வந்ததுதான். கடலின் இரு கரையிலும் இலைதான் கடன்சீட்டாகியிருக்கிறது.

இரண்டில் எனக்குப் பிடித்தது பிணைமுறி. பத்திரம் என்றால் காதில் 'பத்திரமாக இருக்கிறது' என்ற உறுதியும் சேர்ந்து விழுகிறது. பிணை என்றாலோ, 'யார் பிணை?' என்ற கேள்வி தானாக எழும்.

அந்தக் கேள்வி வேண்டியதுதான். 2007இல் ஐரோப்பிய முதலீட்டு வங்கியும், 2008இல் உலக வங்கியும் பசுமைப் பிணைமுறிக்கு வழி திறந்தன. பிரான்ஸ் 2017இல் 700 கோடி யூரோவுக்கும், பிரித்தானியா 2021இல் 1,000 கோடி பவுணுக்கும் முதல் வெளியீடுகளைச் செய்தன. ஜேர்மனி 2020இலிருந்து இரட்டைப் பிள்ளைகளாக வெளியிடுகிறது: ஒரே முதிர்வு, ஒரே வட்டி, ஒன்று சாதாரணம், மற்றது பசுமை. சந்தையில் இரண்டின் விலையையும் ஒப்பிட்டால் பச்சைக்கு முதலீட்டாளர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று தெரியும். விளைவு வீதத்தில், அதாவது போட்ட பணத்துக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் வருமான வீதத்தில் பார்த்தால் அது 0.1 சதவீதத்துக்கும் கீழே. அன்பு உண்டு, ஆனால் மலிவான அன்பு.

பெரும்பாலான பசுமைப் பிணைமுறிகளின் விவரணத்தில், அதாவது வெளியீட்டு நிபந்தனைகளைச் சொல்லும் ஆவணத்தில், ஒரு வரி இருக்கும். வட்டி கொடுக்கத் தவறினால் அது கடன் தவறல். பணத்தைச் சொன்ன பசுமை வேலைக்குச் செலவிடத் தவறினால் அது கடன் தவறல் ஆகாது. பணத்துக்குப் பிணை நிற்கிறார்கள், பச்சைக்கு வாய்ச்சொல் மட்டும். 2017இல் ரெப்சோல் என்ற ஸ்பானிய எண்ணெய்க் கம்பனி தன் சுத்திகரிப்பு ஆலைகளில் எரிசக்தி வீணாவதைக் குறைக்க 50 கோடி யூரோவுக்குப் பசுமைப் பிணைமுறி வெளியிட்டபோது கடும் விமர்சனம் எழுந்தது. ஆலை குறைவாகப் புகைக்கலாம், ஆனால் அது விற்பது எண்ணெய். இப்படிப்பட்டதைத் தமிழில் 'பசுமைப் பூச்சு' என்கிறார்கள். நம்மிடம் 'பச்சைப் பொய்' என்று முன்பே ஒன்று இருக்கிறது, அதையே எடுத்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசெம்பர் 21 முதல் தனக்கென ஒரு தர விதியை நடைமுறைப்படுத்துகிறது. பணத்தில் குறைந்தது 85 சதவீதம் அதன் பசுமைப் பட்டியலுக்குப் பொருந்த வேண்டும். விரும்பியவர்களுக்கு மட்டுமே அந்த விதி.

தொழில்நுட்பம் இதைத் தீர்த்துவிடும் என்பார்கள். அப்பிள் கம்பனி 2016இல் 150 கோடி டொலருக்குப் பசுமைப் பிணைமுறி வெளியிட்டது. சூரிய மின்சாரமும் திறன்மிகு கட்டடங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. தனித்தனியே பார்த்தால் நல்ல வேலைகள். ஆனால் அயர்லாந்தைப் பாருங்கள்: 2023இல் அந்நாட்டின் மின்சாரத்தில் 21 சதவீதத்தைத் தொழில்நுட்பக் கம்பனிகளின் கணினிகள் இயங்கும் தரவு நிலையங்களே எடுத்துக்கொண்டன, நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிடக் கூடுதலாக. இயந்திரத்தின் திறன் கூடினால் எரிபொருள் பாவனை குறையும் என்று எண்ணாதீர்கள் என 1865இலேயே ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் நிலக்கரியைக் காட்டி எழுதினார். விசுவமடுப் பக்கம் இதை மிளகாய்த் தோட்டத்தில் காணலாம். சூரிய மின்சாரத்தில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தால் எண்ணெய்ச் செலவு இல்லை. செலவு இல்லையென்றால் நிறுத்த மனம் வராது. கிணறுதான் கீழே போகும்.

மாணவர்கள் உதாரணமாக மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகளைச் சொல்வார்கள். 103.5 மெகாவாட் கொண்ட அந்தத் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் எழுந்தது. பசுமை நிதிதான், ஆனால் கடன் வேறு, பிணைமுறி வேறு.

எழுத்திலும் ஒரு கவனம் வேண்டும். 'முறி' ஆவணம், 'முறிவு' உடைதல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி விடைத்தாள் முழுதும் 'பிணைமுறிவு' என்றே எழுதியிருந்தாள். ஒவ்வோர் இடத்திலும் சிவப்பு மையால் சுழித்து, புள்ளியும் குறைத்தேன். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தபோது, அந்தப் புள்ளியைக் குறைத்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது.