பி.டி.எஸ்.டி.யைத் தமிழில் என்ன சொல்வது?

டாக்டர் சீட்டில் நான்கு எழுத்தாக வரும் பி.டி.எஸ்.டி.க்கு விரிவு ‘போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்’. விபத்து, போர் போன்ற கொடுமையைப் பட்டவரின் மனத்தை அது முடிந்த பிறகும் விடாத நோய். இந்தப் பெயரில் உயிர்ச்சொல் ட்ராமா. கிரேக்கத்தில் அதற்குக் காயம் என்று பொருள். ட்ராமா வார்டு என்றால் இன்றும் விபத்தில் அடிபட்டு வருபவர்களுக்கான வார்டுதான். உடம்புக்கு இருந்த இந்தச் சொல் மனத்துக்கும் புழங்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

அதற்கு முன்னும் பின்னும் இந்த நோய்க்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. ரயில் விபத்தில் தப்பியவர்கள் மாதக்கணக்கில் தூங்காமல் நடுங்கியபோது, அது முதுகுத்தண்டில் பட்ட அடி என்று இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன் 1866இல் எழுதினார். ‘ரயில்வே ஸ்பைன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த வீரர்களுக்கு இதயக் கோளாறு என்றார் அமெரிக்க மருத்துவர் டா கோஸ்டா. முதல் உலகப் போரின்போது, 1915இல், ‘ஷெல் ஷாக்’ (குண்டு அதிர்ச்சி) என்ற சொல்லை மருத்துவ இதழில் எழுதினார் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ். அந்தப் போரில் இப்படி நடுங்கியவர்கள் பலருக்குக் கோழை என்ற பட்டமும் கிடைத்தது. வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இன்றைய பெயர் ஏறியது. குற்றம் ஆளிடம் இல்லை, அவர் பட்டதில் இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட முதல் பெயர் இது என்பேன்.

நம் கொங்குப் பக்கம் இதற்குப் பேச்சு இல்லாமலா இருந்தது? ‘பயந்துக்கிட்டான்’ என்போம், ‘காத்து கருப்பு பட்டிருக்கு’ என்போம். திருநீறு போட்டு, கயிறு மந்திரித்துக் கட்டுவோம். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவும் அந்தக் கை ஆறுதல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயம் ஒரு வாரத்தில் தெளியும். இது அப்படித் தெளிவதில்லை.

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஒரு லாரி டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். தன் லாரியில் பஸ் மோதிக் கண்ணெதிரே ஆட்கள் செத்ததைப் பார்த்தவர். காயம் ஆறிவிட்டது. ஆனால் டயர் தேயும் சத்தம் கேட்டால் உடம்பு வேர்க்கிறது. நடந்தது ஞாபகத்துக்கு வருகிறது என்பதைவிட, இப்போதே மறுபடி நடக்கிறது. அந்த ரோட்டுப் பக்கமே போவதில்லை. ‘நான் பிரேக்கை மிதிச்சிருந்தா தப்பிச்சிருப்பாங்க’ என்று தன்னையே குத்திக்கொள்கிறார். ராத்திரி தூக்கம் இல்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். “ஏனுங்க, நடந்தது நடந்து போச்சு, மறந்துருங்க” என்கிறார் மனைவி. மறக்க முடியாததுதான் நோயே. மீண்டும் மீண்டும் வருதல், ஒதுங்கிப் போதல், எண்ணமும் மனநிலையும் இருண்டு போதல், எப்போதும் விழிப்பிலேயே இருத்தல் ஆகிய நான்கும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் கெடுத்தால் அது பி.டி.எஸ்.டி. முதல் மாதத்துக்குள் கடுமையாக இருப்பதற்குத் தனிப் பெயர் உண்டு. பலருக்கு அது தானே தணிந்தும் விடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மனஅழுத்தக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. டிப்ரஷனுக்கும் மனஅழுத்தம், வேலைச் சுமைக்கும் மனஅழுத்தம் என்று பத்திரிகைகள் எழுதி எழுதி அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. ஈழத்து எழுத்தில் ‘மனவடு’ புழங்குகிறது. அழகான சொல், கனமான சொல். ஆனாலும் வடு என்றால் புண் ஆறியபின் அழியாமல் நிற்கும் தடம். இந்த நோயில் புண்ணே ஆறவில்லை. அதோடு, ஆற்றவும் முடியும். நான் எழுதுவது ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல்’. பழநிக்கு நடந்து போய் வந்தவர் ‘காலு ஒளையுது’ என்பாரே, அந்த உளைதல்தான். பட்ட பாடு முடிந்த பிறகும் விடாத வலி. நீளம்தான், பரவாயில்லை.

சிகிச்சையில் முதலிடம் பேச்சுக்கு. பயிற்சி பெற்ற ஆலோசகரோடு, பாதுகாப்பான இடத்தில், அந்த நினைவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் வருவது ஒரு முறை. ஒதுங்கிய ரோட்டுக்கும் படிப்படியாகத் திரும்புவார்கள். ‘என்னால்தான் செத்தார்கள்’ என்பது போன்ற எண்ணங்களை எடுத்து வைத்துச் சரிபார்ப்பது இன்னொன்று. நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டே கண்களை இடவலமாக அசைக்கும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. 1980களின் இறுதியில் ஃபிரான்சீன் ஷபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது. பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் ஆகும். செர்ட்ராலின், பராக்செட்டின் போன்ற மாத்திரைகளும் உதவும், பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரைகள் இந்த நோயைத் தீர்ப்பதில்லை, பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. சாராயமும் அப்படித்தான். விபத்து நடந்த கையோடு ஆளைப் பிடித்து ‘எல்லாத்தையும் சொல்லு’ என்று கட்டாயப்படுத்துவதும் கூடாது.

கோவை, ஈரோடு என்று மாவட்டத் தலைமையிடங்களின் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். டாக்டரிடம் போனால் தலைவலி, தூக்கமின்மை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எப்போதிருந்து, எது நடந்ததிலிருந்து என்று ஒரு வரியாவது சொல்லுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் கூட வந்தவர் சொல்லட்டும்.