நிப்பிள் இல்லாத மூட்டுக்குக் கிரீஸ் எப்படிப் போகும்?

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரியின் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங் பின் ஓரத்தில், கிரீஸ் ஏற்றுவதற்கான சிறு முனையான கிரீஸ் நிப்பிள் தெரியும். அதில் கிரீஸ் கன்னை மாட்டி அடித்தால் பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கும்; புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிப்பார்கள். ஆஸ்கார் செர்க் 1929-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது இந்த நிப்பிள். இன்றைய கார்களின் அடியில் தேடினால் பெரும்பாலும் அது கிடைக்காது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் எல்லாம் ‘பூட்’ என்னும் ரப்பர் உறைக்குள் மூடிய மூட்டுகள். தொழிற்சாலையில் வைத்த கிரீஸ்தான் கடைசிவரை.

மூட்டின் அமைப்பு எளியது. ஓர் எஃகுக் குண்டு, அதிலிருந்து நீளும் தண்டு, குண்டைக் கவ்விய கிண்ணம். இரண்டுக்கும் நடுவே பல மூட்டுகளில் வழவழப்பான பிளாஸ்டிக் உறை இருக்கும். சிக்கல் அசைவில்தான். சக்கர பேரிங் வேகமாகச் சுழல்வதால் எண்ணெயைத் தானே உள்ளிழுத்து ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. பால் ஜாயின்டோ சில டிகிரி மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் அசைகிறது. முழுப் படலம் உருவாக நேரமே இல்லை. இரு பரப்புகளும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டபடியே வேலை செய்கின்றன. அந்த இடத்தில் கிரீஸ் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், வழிந்துவிடக் கூடாது.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அல்ல. காய்ந்த பீர்க்கங்காய் நார் தண்ணீரைப் பிடித்து வைப்பதுபோல, சோப்பு இழைகளின் வலைக்குள் எண்ணெய் தங்கியிருக்கிறது. அழுத்தினால் எண்ணெய் கசிந்து மசகு வேலை பார்க்கும். மணலி சுத்திகரிப்பு ஆலையில் மசகுப் பொருள்களுக்கான அடிப்படை எண்ணெயும் தயாராகிறது. இழைகளுக்குப் பெரும்பாலும் லித்தியம் சோப்பு. கிளாரன்ஸ் எர்ல் 1942-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சோடியம் சோப்பு தண்ணீர் பட்டால் கரையும், லித்தியம் தாக்குப்பிடிக்கும். கறுப்பு கிரீஸ் என்று கடையில் கேட்டு வாங்குவதில் பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்பைடு கலந்திருக்கும். அதன் மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, எண்ணெய் போதாத இடத்தில் உலோகத்தைக் காக்கின்றன.

ஆக, மூடிய மூட்டின் ஆயுள் பெரும்பாலும் அந்த ரப்பர் பூட் உறையின் கையில் இருக்கிறது. வடசென்னையில் அந்த ரப்பர் படும் பாடு கொஞ்சமல்ல. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பர் மடிப்புகளில் குறுக்கு வெடிப்புகளைப் போடுகிறது. கட்டைவிரலால் மடிப்பை விரித்தால் மட்டும் அந்தக் கீறல்கள் தெரியும், விட்டதும் மறைந்துவிடும். அதைவிட மோசமானது கடலுப்பு. பூட் உறையின் விளிம்பான உதடு தண்டைக் கவ்வும் இடத்தில் துரு மெல்ல ஏறினால், வழவழப்பான உலோகம் சொரசொரப்பாகி உதடு சரியாக அமராது. ரப்பர் புதிது போலவே இருக்கும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். ஓடிச் சூடான மூட்டு மழைக்காலத்தில் தேங்கிய நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்த வழியே நீரை உறிஞ்சவும் செய்கிறது. அதோடு அனல்மின் நிலையச் சாம்பலும் போனால், அதிலுள்ள சிலிக்காத் துகள்கள் கிரீஸை அரைப்புப் பசையாக மாற்றிவிடும்.

சரி, கிரீஸ் கன்னின் முனையில் ஊசியை மாட்டி உள்ளே செலுத்தலாமே? செலுத்தலாம், ஒரு குறுகிய காலகட்டத்துக்குள். பூட் முழுசாக இருந்து, மூட்டில் இன்னும் ஆட்டம் வராதபோது மட்டும் பயன் உண்டு. ரப்பரைக் குத்துவதைவிட, சுற்றிலும் துடைத்துவிட்டு உதட்டை மெல்லத் தூக்கி ஊசியை நுழைப்பது மேல். குத்திய ஓட்டைமேல் பூசும் சிலிகான், கிரீஸ் பிசுக்கில் ஒட்டாது. பூட் லேசாக உப்பத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நிப்பிள் வைத்த மூட்டில் இருப்பதுபோல் இங்கே வெளியேறும் வழி கிடையாது, மேலும் அடித்தால் பூட் கிழியும் அல்லது கழன்றுவிடும். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் வேறு வகையைக் கலந்தால் இரண்டும் இளகி ஓடக்கூடும்.

ஆட்டம் வந்த மூட்டுக்கு ஊசி போடுவதை நான் வீண் வேலை என்றே சொல்வேன். தேய்ந்த குண்டைக் கிரீஸ் வளர்க்காது. சத்தத்தை அடக்கி, ஆபத்தை மறைத்து வைக்கும். குண்டு கிண்ணத்திலிருந்து கழன்றால் சக்கரம் மடங்கிப் போகும். ஜாக்கி ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்டின் ஆட்டம் கைக்குத் தெரியும் (பேரிங்கும் இதே ஆட்டத்தைக் காட்டும்). இரு பக்கமும் பிடித்து அசைத்தால் டை ராட் எண்ட். மூட்டை மாற்றினால் சக்கரங்களின் அலைன்மென்ட்டும் பார்த்தாக வேண்டும்.

ஊசியைப் பிடிப்பவருக்கு ஒரு வார்த்தை. கையால் அழுத்தும் சாதாரணக் கன்னே சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம் தரும். கார் டயரில் இருப்பது 30 சொச்சம். ஊசி விரலில் பட்டு கிரீஸ் உள்ளே போனால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. ஆனால் அது தசைநார் வழியே பரவி விரலையே இழக்கச் செய்யலாம். காலைவரை பொறுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கை அறுவைச் சிகிச்சைக்குப் பேர்பெற்ற ஸ்டான்லி அரசு மருத்துவமனை பழைய ஜெயில் ரோட்டிலேயே இருக்கிறது.