இயர்விக்: காதுப்பூச்சியா, இடுக்கிவால் பூச்சியா?

ஐப்பசி மழை பிடித்ததும் தாமிரபரணிக் கரை ஊர்களில் புறவாசல் வாளியைத் தூக்கிப் பாருங்கள். அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் தட்டையாக, நீளமாக ஒரு பூச்சி ஓடும். வால் நுனியில் இரண்டு கூர் முனைகள். ஆங்கிலத்தில் இதற்கு இயர்விக் என்று பெயர். தூங்குகிறவர் காதுக்குள் நுழைந்துவிடும் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினார்கள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முன்பாதி காது, பின்பாதி பூச்சி. ஜெர்மானியருக்கு இது ‘ஓர்வுர்ம்’, அதாவது காதுப்புழு. மண்டையை விட்டுப் போகாத பாட்டுக்கும் இப்போது அவர்கள் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு படி மேலே போய் ‘காது துளைப்பான்’ என்றே வைத்துவிட்டார்கள்.

உண்மையில் காதைத் தேடிப் போகும் பழக்கம் இதற்குக் கிடையாது. பகலில் ஈரமான சந்துகளில் ஒளிந்து கிடந்து இரவில் இரை தேடும், அவ்வளவுதான். எந்தப் பூச்சியும் தவறிக் காதில் விழலாம். அப்படி ஆனால் குச்சி விட்டுக் கிளறாமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

தமிழில் சிலர் ‘காதுப்பூச்சி’, ‘செவிப்பூச்சி’ என்று பெயர்க்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. திருநெல்வேலிப் பக்கம் “தரையில படுக்காதல, காதுல பூந்துரும்” என்று ஆச்சிமார் அதட்டுவது பூரானைச் சொல்லித்தான். நம்மிடம் இல்லாத ஒரு பயத்தை வெறும் மொழிபெயர்ப்புக்காக இறக்குமதி செய்வானேன்? ‘கொடுக்குவால்’ என்றாலும் சரிப்படாது. கொடுக்கு என்றதும் தேள்தான் நினைவுக்கு வரும், கூடவே விஷமும் வரும். இந்தப் பூச்சியின் வாலில் விஷமில்லை. பிடித்தால் லேசாகக் கிள்ளும்.

‘இடுக்கிவால் பூச்சி’ பொருத்தமான பெயர். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிறோமே, அதே இடுக்கி. இடுக்கு என்றால் சந்து, இடுக்குதல் என்றால் நடுவில் வைத்து நெருக்குதல். பூச்சி வாழும் இடமும் அதன் கருவியும் ஒரே வேரில் அமைந்துவிட்டன. அறிவியல் பெயர்களில் ஒன்றான ‘ஃபோர்ஃபிகுலா’வும் லத்தீனில் சின்னக் கத்தரிக்கோல்தான், அங்கேயும் வாலைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஆணுக்கு இடுக்கி வளைந்திருக்கும், பெண்ணுக்கு ஏறக்குறைய நேராக இருக்கும். இரையைப் பிடிக்கவும் சண்டைக்கும் இது உதவும். இறகுள்ள வகைகளில் சில, பின்னிறகை மடிக்கவும் இடுக்கியைத் துணைக்கு வைத்துக்கொள்ளும். விரித்தால் பத்து மடங்குக்கும் மேல் பெரிதாகிற இறகு அது!

தாய்ப்பூச்சி முட்டைகளை விட்டு நகராது. பூஞ்சை பிடிக்காமல் ஒவ்வொன்றாக நக்கித் துடைக்கும். பூச்சி உலகில் இது அபூர்வம்.

சரி, வீட்டுக்குள் வராமலிருக்க என்ன செய்வது? ஈரத்தையும் இடுக்கையும் குறைப்பதுதான் வழி. சுவரை ஒட்டிக் குவித்த தேங்காய்க் கதம்பை, விறகு, ஈரச் சாக்கு, பூந்தொட்டி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். புறவாசல் கதவின் அடிச் சந்தை ரப்பர் பட்டையால் அடையுங்கள். ஒழுகும் குழாயைச் சரிபாருங்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் வகைகளும் உண்டு, அதனால் வாசல் விளக்கை இரவு முழுக்க எரிய விட வேண்டாம். அப்படியும் வந்தால் ஈரச் செய்தித்தாளைச் சுருட்டி இரவில் மூலையில் வையுங்கள். விடியுமுன் உள்ளே புகுந்திருக்கும். அப்படியே தோட்டத்தில் கொண்டுபோய் உதறலாம், அல்லது சோப்புத் தண்ணீரில் போடலாம். மருந்தடிக்க அவசியமில்லை.

தோட்டத்தில் உதறுவதே என் விருப்பம். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியையும் சின்னப் புழுக்களையும் தின்னும். தென்னையில் சிவப்புக் கூன்வண்டின் முட்டைகளைத் தின்கிற வகையும் உண்டு. ஆனால் கடலை போட்டவர்கள் கவனம்: நிலக்கடலைக் காயைத் துளைத்துப் பருப்பைத் தின்னும் ஒரு வகை தென்னிந்தியாவில் இருக்கிறது. அந்த வயல் பக்கம் மட்டும் உதறாதீர்கள்.