ஸ்டேபிள் பிளாக்: கொட்டிலா, லாயக்கட்டா?

'பேஷண்ட் இப்போ ஸ்டேபிளா இருக்கார்' என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களே, அந்த ஸ்டேபிளும் குதிரை கட்டும் ஸ்டேபிளும் ஒரே வேரில் கிளைத்தவை. லத்தீனில் 'ஸ்தாரே' என்றால் நிற்பது. 'ஸ்தபுலும்' என்றால் நிற்கும் இடம். நம் ஊரில் தேர் வந்து நிற்கிற இடத்தை 'நிலை' என்கிறோம் அல்லவா, அதே யோசனை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன இந்தச் சொல், பிறகு பெரும்பாலும் குதிரைக்கே உரியதாகிவிட்டது. போலீஸ் கான்ஸ்டபிளும் இந்தக் குடும்பம்தான்: 'கோமெஸ் ஸ்தபுலி', அதாவது லாயத்து அதிகாரி.

சரி, பெரிய மாளிகைகளை ஒட்டிக் குதிரைகளுக்காக எழுப்பிய கட்டடத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டேபிள் பிளாக்' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'குதிரைக் கொட்டில்' என்று எழுதினால் எனக்கு உறுத்துகிறது. கொட்டில் என்றதும் கீற்று வேய்ந்த ஒரு சாய்ப்புதான் கண்ணில் வரும். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் மாளிகையைச் சேர்ந்த லாயத்தைப் பாருங்கள். நான்காம் டெவன்ஷயர் டியூக்குக்காக ஜேம்ஸ் பெயின் வடிவமைத்து, 1760 வாக்கில் எழும்பிய கட்டடம். பக்கத்துக்குச் சுமார் 190 அடி, இரண்டு தளம், நடுவே திறந்த முற்றம். வாசலில் உருண்டைத் தூண்கள். ஒவ்வொன்றிலும் இடையிடையே முரட்டுக் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் முக்கோண முகப்பு நிறைய டியூக்கின் குலச்சின்னம், அதற்கும் மேலே மணிக்கூண்டு. கீழே 80 குதிரைகளுக்கு இடமும் கொல்லன் பட்டறையும்; மாடியில் தானியக் களஞ்சியமும் வேலையாட்களின் அறைகளும். இதைக் கொட்டில் என்றால் கட்டியவனுக்கே அடுக்காது.

'லாயம்' சரியான சொல். செஞ்சிக் கோட்டையில் கல்லும் சுண்ணாம்புமாக நிற்பதையும் குதிரை லாயம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் எழுந்த அமைப்பு அதில் வரவில்லை. அதற்கு நம் வீடுகளிலேயே சொல் இருக்கிறது: முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்கிறோமே, அந்தக் கட்டு. ஆக, 'லாயக்கட்டு' என்பேன். இலங்கை மலையகத் தோட்டத்து 'லயம்' வேறு; அது தொழிலாளர்கள் வசிக்கும் 'லைன்' வீடு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'பந்தி' என்றும் பழைய வழக்கு உண்டு. குதிரைகளை வரிசையாகக் கட்டும் இடம். இன்று பந்தி என்றால் வாழையிலைதான் நினைவுக்கு வரும். சாட்ஸ்வொர்த்தில் கடைசிக் குதிரைகள் 1939இல் வெளியேறின. இப்போது அந்த லாயக்கட்டில் உணவகம் நடக்கிறது.