பிடித்த சுரமும் உரசும் சுரமும்

"ஹார்ப்சிகார்டில் ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம்தானாமே, அப்புறம் மெதுவான பரோக் இசையில் அந்த ஏக்கம் எப்படி வருகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஹார்ப்சிகார்ட் என்பது பியானோவுக்கு முந்தைய விசைக்கருவி, விசையை அழுத்தினால் உள்ளே கம்பி மீட்டப்படும். பரோக் என்பது ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை. ஏக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரே உத்திதான். ஒரு குரல், அதாவது சேர்ந்து ஒலிக்கும் இசை வரிகளில் ஒன்று, தன் சுரத்தை விடாமல் பிடித்திருக்கும். இன்னொரு குரல் அடுத்த சுரத்தில் வந்து உரசும். பிடித்திருந்த குரல் ஒரு படி இறங்கி வழிவிடும்.

பிடித்திருப்பது 440 ஹெர்ட்ஸ், வந்து உரசுவது 466 என்று வையுங்கள். வித்தியாசம் 26, அதனால் கூட்டொலி நொடிக்கு 26 முறை ஏறி இறங்கி விம்மும். பள்ளியில் இசைக்கவைகளை வைத்துக் காட்டினார்களே, அதே விம்மல். நொடிக்கு நாலைந்து என்றால் சத்தம் ஏறி இறங்குவது தெரியும். 26ஐக் காது பிரித்தறியாது, வெறும் சொரசொரப்பாக உணரும். உட்காதின் நத்தை வடிவ உறுப்பான காக்ளியாவுக்குள் இரண்டு சுரங்களும் சவ்வின் ஏறக்குறைய ஒரே இடத்தை ஆட்டுகின்றன. 440 கீழே 392க்கு இறங்கியதும் வித்தியாசம் 74. சொரசொரப்பு பெரிதும் அடங்கிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் விம்மலின் ஆழம். இரண்டு அலைகளின் வீச்சும், அதாவது பலமும், சமமாக இருந்தால் கூட்டு வீச்சு பூஜ்யத்துக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் ஆடும். ஒன்று மற்றதில் பத்தில் ஒரு பங்குதான் என்றால் 0.9க்கும் 1.1க்கும் இடையில் லேசாக அசையும், அவ்வளவுதான். ஹார்ப்சிகார்டில் பிடித்திருக்கும் சுரம் முன்பே மீட்டப்பட்ட கம்பி, தேய்ந்துகொண்டே வருகிறது. வாசிப்பு மெதுவாக ஆக ஆக, உரசல் வரும் நேரத்தில் அதில் உயிரே இருக்காது! ஆர்கனில் இந்தத் தொல்லை இல்லை, விசையை விடும்வரை ஒலி தேயாது. ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் ஆர்கன் கலைஞராக இருந்த ஃபிரெஸ்கோபால்டி இதை நன்றாக அறிந்தவர். கருவி வெறுமையாகிவிடாதபடி, பிடித்திருக்கும் சுரத்தையும் சேர்த்து மறுபடி அடிக்கலாம் என்று தன் இசைத் தொகுப்பின் 1616ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னுரையில் எழுதினார். பிரெஞ்சு ஹார்ப்சிகார்ட் கலைஞர் கூப்ரான் 1716இல் வேறு வழி சொன்னார்: சுரத்தை ஒரு கணம் தாமதித்து வாசி. சத்தத்தால் செய்ய முடியாததை நேரத்தால் செய்வது.

பியானோவில் விரலுக்கு அதிகாரம் உண்டு. உரசும் சுரங்களைப் பொதுவாக உரக்கவும் இசைந்தவற்றை மெல்லவும் வாசிக்கச் சொன்னார் ஜெர்மானிய இசையமைப்பாளர் சி. பி. இ. பாக், 1753இல். பலர் இதை வைத்துப் புதிதாக வரும் சுரத்தை மட்டும் குத்துகிறார்கள், பழையது மூழ்கிப்போகிறது. அதற்கு முந்தின தாளத் தட்டிலேயே, பிடிக்கப்போகும் சுரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்திருக்க வேண்டும். இறங்கும் சுரத்தையோ, பழைய சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கே தொட வேண்டும். கூடினால் அது இறங்கியதாகக் கேட்காது, புதிதாக யாரோ பேச ஆரம்பித்ததுபோல் இருக்கும்.