ஜெயித்த ஆட்டத்தின் புள்ளியைப் பறிப்பது ஏன்? ரக்பி லீக் சம்பள உச்சவரம்பு விதி

சிட்னியின் மேற்குப் பக்கம், வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில், மேஸ் ஹில் முருகன் கோயில் சுற்றுவட்டாரத்தில் தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அங்கே வளரும் பிள்ளைகளுக்கு ஊர் டீம் என்றால் பரமட்டா ஈல்ஸ் என்ற ரக்பி லீக் அணிதான். 2016 சீசனில் அந்த டீம் 13 ஆட்டங்களில் ஜெயித்தது. ஆனால் பட்டியலில் 16 அணிகளில் 14-ஆம் இடம். நடுவில் 12 புள்ளிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு வெற்றிக்கு 2 புள்ளி என்பதால் ஆறு வெற்றிகள் அப்படியே காற்றோடு போயின. கூடவே 10 லட்சம் டாலர் அபராதம். (இந்தக் கட்டுரையில் டாலர் என்பதெல்லாம் ஆஸ்திரேலிய டாலர்.)

"வேர்வை சிந்தி ஜெயித்த ஆட்டத்தின் புள்ளியை எப்படிப் பறிக்கலாம்?" என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், பதில் சம்பள உச்சவரம்பு விதியில் இருக்கிறது.

விதி எளிமையானது. ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் முதல்நிலைப் போட்டியான என்.ஆர்.எல்.லில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் தன் முதன்மை அணியின் 30 வீரர்களுக்கு ஓர் ஆண்டில் மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. 2023-இல் அது 1.2 கோடி டாலர் அளவுக்கு உயர்ந்தது. ஐபிஎல் அணிகளுக்கு ஏலத்தில் இத்தனை கோடிதான் என்று ஒதுக்குகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கே ஏலம் கிடையாது. கிளப்பும் வீரரின் ஏஜென்டும் மூடிய அறையில் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள். சிக்கல் எல்லாம் அந்த அறையில்தான் தொடங்குகிறது.

இப்படி ஒரு வரம்பு எதற்கு? சிட்னி கிளப்களின் வசதி ஒரே மாதிரி இருந்ததில்லை. சூதாட்ட இயந்திரங்கள் நிறைந்த பெரிய கேளிக்கை விடுதியை வைத்திருக்கும் கிளப்புக்குப் பணம் கொட்டும். அப்படி வருமானம் இல்லாத கிளப் கடனில் தத்தளிக்கும். 1908-இல் போட்டி தொடங்கியபோதே இருந்த நியூடவுன் கிளப், பணமில்லாமல் 1983-உடன் முதல்நிலைப் போட்டியிலிருந்து வெளியேறியது. 1990-இல், அப்போது போட்டியை நடத்திய நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் அமைப்பு சம்பள வரம்பைக் கொண்டுவந்தது. கிளப்கள் தகுதிக்கு மீறிச் செலவழித்துத் திவாலாகக் கூடாது, பணக்கார கிளப் நல்ல வீரர்களையெல்லாம் வாரிச் சுருட்டக் கூடாது என்ற இரண்டும்தான் அதன் நோக்கம். ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு ஊர்க்காரர்கள் கோப்பை கனவு காண முடிவதற்கு இந்த விதி பெரிய காரணம் என்றே நான் நம்புகிறேன்.

சரி, எதெல்லாம் கணக்கில் சேரும்? மாதச் சம்பளம் மட்டும் என்று நினைத்தால் தவறு. கிளப் கொடுக்கும் கார், வீட்டு வாடகை, ஆடி முடித்த பிறகு தருவதாகச் சொல்லும் வேலை, இவையும் வீரருக்குக் கிடைக்கும் பலன்கள்தான். 2018 டிசம்பரில் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் மாட்டியது இந்த இடத்தில்தான். ராபி ஃபாரா என்ற வீரர் ஓய்வுபெற்ற பிறகு கிளப்பின் தூதுவராக இருப்பதற்கு 6,39,000 டாலர் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதை என்.ஆர்.எல்.லிடம் சொல்லவில்லை. 7.5 லட்சம் டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டது.

அதைவிட வழுக்கும் இடம் மூன்றாம் தரப்பு ஒப்பந்தம். ஒரு கடைக்காரரோ கம்பெனியோ வீரரின் முகத்தை விளம்பரத்தில் போட்டு நேரடியாக அவருக்குப் பணம் கொடுக்கலாம், அது வரம்பில் சேராது. நியாயம்தான், புகழ் அவருடையது. ஆனால் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். கிளப் ஆள்பிடித்துக் கொடுக்கக் கூடாது, "அந்தப் பணம் வராவிட்டால் நாங்கள் தருகிறோம்" என்று உறுதியும் சொல்லக் கூடாது. சொன்ன அந்த நொடியே அது கிளப் கொடுக்கும் சம்பளம் ஆகிவிடுகிறது. 2018 மார்ச்சில் மேன்லி கிளப்புக்கும் 7.5 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 15 லட்சம் டாலர் அளவுக்குக் கணக்கில் காட்டாத வாக்குறுதிகள் கொடுத்ததாக அதன்மீது குற்றச்சாட்டு. பரமட்டா இன்னும் ஒரு படி மேலே போனது. சப்ளையர்களிடம் கூட்டி எழுதிய பில்களையும் பொய் பில்களையும் வாங்கி, அந்தப் பணத்தை வீரர்களுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று விசாரணையில் வந்தது. நம் ஊரில் காண்ட்ராக்ட் பில்லில் நடக்கும் வேலை எப்படியோ அப்படியே.

தவறிப்போய் கொஞ்சம் தாண்டியதையும், திட்டம் போட்டு மறைத்ததையும் என்.ஆர்.எல். ஒரே தட்டில் வைப்பதில்லை. அடிபட்டவர்களுக்குப் பதிலாக ஆட வந்தவர்களால் செலவு சற்று எகிறினால் பணத்தோடு விஷயம் முடியும். மறைத்தால் புள்ளி போகும், கோப்பை போகும், கிளப்பில் பதவி வகிக்க நிர்வாகிகளுக்கு வேண்டிய என்.ஆர்.எல். பதிவு ரத்தாகும். முதலில் மீறல் அறிக்கை வரும், கிளப் பதில் சொல்ல அவகாசம் உண்டு, பிறகுதான் இறுதி முடிவு.

இந்த விதியின் பல் எவ்வளவு கூர்மை என்று முதலில் தெரிந்தது 2002-இல். கேன்டர்பரி புல்டாக்ஸ் தொடர்ந்து 17 ஆட்டங்கள் ஜெயித்துப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் 10 லட்சம் டாலருக்கு மேல் வரம்பு மீறியது ஆகஸ்டில் அம்பலமானதும் 37 புள்ளிகள் பறிபோயின, 5 லட்சம் டாலர் அபராதம். உச்சியில் இருந்த அணி கடைசி இடத்தில் முடிந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேல் மெல்பர்ன் ஸ்டார்ம். 2010 ஏப்ரல் 22. என்.ஆர்.எல். தலைமை நிர்வாகி டேவிட் கேலப் அறிவிக்கிறார்: வீரர்களுக்கு இரண்டு விதமான ஒப்பந்தங்கள், ஒன்று அலுவலகத்துக்குக் காட்ட, இன்னொன்று ரகசியமாக. ஐந்து ஆண்டுகளில் 17 லட்சம் டாலர் என்று முதலில் சொன்னார்கள். ஜூலையில் தணிக்கை முடிந்தபோது அது 37.8 லட்சமாகியிருந்தது. 2007, 2009 சாம்பியன் பட்டங்கள் ரத்து. 2006, 2007, 2008-இல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த பட்டங்களும் ரத்து. 5 லட்சம் அபராதம், 11 லட்சம் பரிசுப் பணத்தை மற்ற 15 கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உலக கிளப் சவால் போட்டியில் வென்ற 89,000 டாலர், தோற்ற இங்கிலாந்தின் லீட்ஸ் அணிக்கு. மொத்தம் 16.89 லட்சம். அந்த ஆண்டு அதுவரை எடுத்த புள்ளிகளும் போயின, மிச்ச ஆட்டங்களுக்கும் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

மூன்றே நாளில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அன்சாக் நாளில், ஸ்டார்ம் வீரர்கள் களம் இறங்கினார்கள். ஜெயித்தாலும் சுழி, தோற்றாலும் சுழி. நியூசிலாந்து வாரியர்ஸை 40-6 என்று அடித்தார்கள். அந்த ஸ்கோரை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. அந்த சீசனில் 14 ஆட்டங்கள் ஜெயித்து, சுழிப் புள்ளியோடு கடைசி இடம். அடுத்த ஆண்டு கணக்கை வரம்புக்குள் கொண்டுவர வேண்டுமே, அதற்காக கிரெக் இங்கிலிஸ் உட்பட பல வீரர்களை இழந்தார்கள். கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் கிரான்க் தங்கினார்கள். வீரர்கள் யாருக்கும் தடை விழவில்லை.

பணத் தண்டனையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த விதியில் வலுவே இல்லை. ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் புரளும் கிளப்புக்கு 5 லட்சம் ஒரு செலவு, அவ்வளவுதான். கோப்பை வாங்கித் தருமென்றால் அந்தச் செலவைச் செய்யத் தயாரான நிர்வாகி எப்போதும் இருப்பார். புள்ளியைப் பறித்தால்தான் வலிக்கும். ஆனால் அந்த வலி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. பரமட்டா நிர்வாகிகள் ஐந்து பேரின் பதிவு ரத்தானது உண்மை. ஆனால் செலவைக் குறைக்க வேண்டியிருந்ததால், சீசன் நடுவிலேயே கோல்ட் கோஸ்ட் அணிக்குப் போக நேர்ந்தவர் நேதன் பீட்ஸ் என்ற வீரர். பில் எழுதியது அவரல்ல. சீசன் டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு மைதானத்துக்கு வந்தவர்களும் அல்ல. அதற்காகப் புள்ளியைப் பறிக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வரம்புக்குள் நின்று நேர்மையாக ஆடித் தோற்ற அணியின் ரசிகர் ஏமாந்தது அதைவிடப் பெரியது.

அதற்கும் பரமட்டாவே சாட்சி. 2009 இறுதி ஆட்டத்தில் ஸ்டார்மிடம் 23-16 என்று தோற்றது அவர்கள்தான். ஸ்டார்மின் பட்டத்தை ரத்து செய்தபோது அதை இரண்டாம் இடத்துக்காரருக்குக் கொடுக்கவில்லை. 2007-க்கும் 2009-க்கும் சாம்பியன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. பரமட்டா கடைசியாகக் கோப்பை வென்ற ஆண்டு இன்னமும் 1986-தான்.